ஒரே ஷாட்கன், இரண்டு வேலை: வீட்டுக் காவலுக்கும் முயல் வேட்டைக்கும் கைக்கு அடங்கிய செலவில்

அமெரிக்காவில் முதல்முறையாகத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறவர் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "வீட்டில் பாதுகாப்புக்கும் வேண்டும், சீசன் வந்தால் முயலுக்கும் புறாவுக்கும் போகவேண்டும், 300 டாலருக்கு மேல் முடியாது." நியாயமான கேள்வி. அதற்கு ஷாட்கன் இருக்கிறது, நல்லதாகவே இருக்கிறது: ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு உருண்டைகளை, அதாவது ரவைகளை, வீசும் துப்பாக்கி. ஆனால் ஒரே துப்பாக்கியை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்வதில் சிக்கல் வருவது வாங்கும் இடத்தில் அல்ல. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாற்றும் இடத்தில்தான். அதை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த விலைக்குப் பம்ப் ஆக்‌ஷன்தான். முன்பிடியைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்தது அறைக்குள் ஏறும். கையால் இயங்குவதால் லேசான தோட்டா, கனமான தோட்டா என்ற பேதம் அதற்கு இல்லை. தோட்டாவின் விசையாலேயே தானாக இயங்கும் மலிவான செமி ஆட்டோமேட்டிக்குகள் அப்படி அல்ல. லேசான புறாத் தோட்டாவைப் போட்டால் பாதியில் நின்றுவிடும், கனமானதைப் போட்டுப் பழக்கியெடுக்க வேண்டியிருக்கும். ஒற்றைக் குழல் துப்பாக்கி இதைவிடவும் மலிவு, முயலுக்கு அருமையாக இருக்கும். ஆனால் எடை குறைவென்பதால் தோளில் உதை அதிகம், இரண்டாவது தோட்டா கையில்தான் இருக்கும்.

பம்ப் வகையில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 1950 முதல் வரும் ரெமிங்டன் 870. 1960 முதல் வரும் மாஸ்பெர்க் 500. அதே மாஸ்பெர்க் குடும்பத்தின் மலிவுப் பதிப்பு, டெக்சஸ் எல்லையோர ஊரான ஈகிள் பாஸில் பூட்டி முடிக்கப்படும் மேவரிக் 88. புதிதாக வாங்குவதானால் என் தேர்வு மேவரிக் 88. விலை 250 டாலரை ஒட்டி இருக்கும். 500-இலிருந்து இதைப் பிரிப்பவை சில சின்ன விஷயங்கள்தான். 500-இல் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) உடலின் மேல்பக்கம், கட்டைவிரல் விழும் இடத்தில் இருக்கும்; இடக்கைக்காரர்களுக்கு அது வரம். 88-இல் டிரிகர் வளையத்தில் குறுக்கே அழுத்தும் பொத்தான். முன்பிடியும் 88-இல் அதன் அசைவை உள்ளே கொண்டுபோகும் இழுகம்பியோடு சேர்த்தே பிணைத்திருக்கும். பின்னால் அதை மாற்ற நினைத்தால் முழுத் தொகுதியாகத்தான் மாற்ற வேண்டும்.

முக்கியமான இடங்களில் இரண்டும் ஒன்றுதான்: இரட்டை இழுகம்பி, காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரும் இரட்டை, 3 அங்குல அறை. உடல் அலுமினியம் என்று கேட்டதும் சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை. சுடும்போது பூட்டுவது எஃகுப் பேரலின் (குழலின்) பின்நீட்சியும் அறையை அடைக்கும் எஃகு போல்ட்டும்தான். அலுமினிய உடல் அவற்றைச் சுமந்து நிற்கும் கூடு, அந்த அழுத்தத்தைத் தாங்கும் பாகம் அல்ல.

இனி பேரல், இரண்டு வேலையும் பிரிகிற இடம். வீட்டுக்கு 18.5 அங்குலம் போதும். 18-க்குக் கீழே போனாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே போனாலோ 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி தனிப்பதிவு வேண்டும். எனவே பேரலை அறுத்துச் சுருக்குகிற எண்ணமே வரக்கூடாது. வேட்டைக்கு 28 அங்குலம். நீளம் கூடினால் ரவை பெரிதாக வேகம் பிடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வித்தியாசம் அற்பமானது. நீளப் பேரலின் பலன் வேறு. பறக்கும் புறாவின் பின்னாலிருந்து முந்திச் செல்லும்போது முனையின் எடை கையைத் தொடர்ந்து ஓடவைக்கும். குட்டைப் பேரல் சட்டென்று நின்றுவிடும், ரவை புறாவுக்குப் பின்னால் போய்விடும்.

28 அங்குல வேட்டைப் பேரலும் 18.5 அங்குலக் காவல் பேரலும் ஒரே பெட்டியில் வரும் காம்போ தொகுப்பு 88-இல் உண்டு. கிடைத்தால் அதுவே சரி. கிடைக்காவிட்டால் முதலில் வேட்டைத் துப்பாக்கியை வாங்கி, குட்டைப் பேரலைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 500-க்கான பேரல்கள் 88-க்கும் பொருந்தும். ஆனால் பேரலுக்கு அடியில் தோட்டாக்களை வைத்திருக்கும் மகசின் குழாயின் நீளம் ஒத்துப்போக வேண்டும், பலர் ஏமாறுவது இங்கேதான். "பாதுகாப்புக்கு எட்டு இருந்தால் நல்லதுதானே" என்று நீளக் குழாய் கொண்ட எட்டுத் தோட்டா மாடலை வாங்கிவிடுவார்கள். பேரலைப் பிடித்திருக்கும் வளையம் அதில் வேறு தூரத்தில் இருக்கும். மகசினில் ஐந்தும் அறையில் ஒன்றும் கொள்ளும் சாதாரண மாடலுக்கான வேட்டைப் பேரல் அதில் ஏறாது, அதற்கென்றே செய்த வேட்டைப் பேரலும் எளிதில் கிடைக்காது. இரண்டு வேலைக்கு என்றால் ஐந்தும் ஒன்றும்தான்.

பேரல் மாற்றக் கருவி எதுவும் வேண்டாம். மகசினையும் அறையையும் காலி செய்து, கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவியும் உறுதி செய்யுங்கள். சேஃப்டியைப் போட்டு, முன்பிடியைப் பாதித் தூரம் பின்னால் இழுங்கள். குழாயின் முனையில் உள்ள திருகை இடப்பக்கமாகச் சுற்றி முழுவதும் விடுவித்து, பேரலை லேசாகத் திருப்பியபடி முன்னால் உருவுங்கள். மாட்டும்போது இதே வரிசை தலைகீழ். திருகு பாதியில் நின்றால் பேரல் ஆடும். மாட்டியதும் பேரலைப் பிடித்து அசைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். 25 தோட்டா சுட்டபிறகு திருகை இன்னொரு முறை கையால் இறுக்குங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும். டிரிகர் தொகுதியை மட்டும் தேவையில்லாமல் கழற்றாதீர்கள். அது ஒரே பின்னில் நிற்கிறது, வெளியே வந்ததும் உள்ளே தோட்டாவைத் தடுத்துப்பிடிக்கும் இரண்டு தகடுகள் தாமாகக் கீழே விழும். எது எங்கிருந்தது என்று தெரியாமல் சமையல் மேசையில் விழிப்பவர்கள் அதிகம்.

அடுத்து கேஜ். பேரலின் உள்விட்டத்துக்குச் சரியான ஈய உருண்டை ஒரு பவுண்டுக்கு எத்தனை என்பதுதான் கேஜ். 12 என்றால் பன்னிரண்டு, 20 என்றால் இருபது. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12-இல் தோட்டா மலிவு, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், வகையும் அதிகம். 20-இல் உதை கணிசமாகக் குறையும், முயலுக்கும் அணிலுக்கும் ஒரு குறையும் தெரியாது. வீட்டில் மெலிந்த உடல்வாகு உள்ளவரும் அதைக் கையாள வேண்டுமென்றால் 20-ஐத் தயங்காமல் எடுங்கள். தோளுக்குப் பயந்து பயிற்சிக்கே போகாதவர் கையில் 12 இருந்து பயனில்லை.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும்: 12-ம் 20-ம் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களைக் கலக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறைக்குள் நழுவிப் போய்க் குழலுக்குள் சிக்கி நிற்கும். "தோட்டா ஏறவில்லை போல" என்று அதன் பின்னால் 12 ஒன்றைப் போட்டுச் சுட்டால் பேரல் கை பிடிக்கும் இடத்திலேயே வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதைத் தடுக்கத்தான். சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். காலி செய்து குழலுக்குள் பாருங்கள், பஞ்சோ வாடோ (தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் கிண்ணம்) உள்ளே சிக்கியிருக்கலாம். சேற்றில் முனை குத்திய பிறகும் அப்படித்தான்.

துப்பாக்கிக் கட்டையின் நீளத்தைக் கடையில் யாரும் கேட்பதில்லை. 88-இல் டிரிகரிலிருந்து கட்டையின் அடிவரை 14 அங்குலத்துக்குச் சற்று மேல். ஐந்தரை அடிக்குக் கீழே உள்ளவருக்கு இது நீளம். முழங்கையை மடக்கி, அடிக்கட்டையை மடிப்பில் வைத்து, ஆட்காட்டி விரல் இயல்பாக டிரிகரை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லையென்றால் முன்பிடியை முழுத் தூரம் இழுக்கக் கை வராது. பாதியில் தள்ளிவிடுவீர்கள், காலித் தோட்டா வெளியேறாமல் புதியது இடிக்கும். "துப்பாக்கி ஜாம் ஆகிறது" என்று திருப்பிக் கொண்டுவரப்படும் பம்ப்களில் பலவற்றின் நோய் இதுதான், இயந்திரக் கோளாறு அல்ல. 13 அங்குலக் குட்டைக் கட்டை தனியாகக் கிடைக்கும். 500-க்கானது 88-இலும் ஏறும். அதே நேரம், பின்கட்டையே இல்லாத வெறும் பிஸ்டல் பிடி மாடல்களைத் தொடாதீர்கள். தோளில் சேராத ஷாட்கனால் குறியும் வராது, மணிக்கட்டும் தாங்காது.

சோக் என்பது பேரல் முனையில் உள்ள சுருக்கம். ரவைக் கூட்டம் எவ்வளவு தூரம் கட்டுக்குள் இருக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் பங்கை வைத்துப் பெயர் சொல்வார்கள்: சிலிண்டர் ஏறக்குறைய 40 சதவீதம், இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. 18.5 அங்குலக் காவல் பேரல் சிலிண்டர்தான், மாற்ற முடியாது. 28 அங்குலத்தில் திருகு சோக் இருக்கும், மாடிஃபைடு பெட்டியிலேயே வரும். இம்ப்ரூவ்டு சிலிண்டர் ஒன்றைத் தனியாக வாங்கிவிட்டால் முயல், புறா, காடை எல்லாம் அடக்கம். இதன் மரை வின்செஸ்டர், பிரவுனிங்கின் பழைய இன்வெக்டர் வகையோடு ஒத்துப்போகும் என்பதால் பழைய சோக்குகள் மலிவில் கிடைக்கும்.

இனி தோட்டா. ரவையின் எண் கூடக் கூட ரவை சிறுக்கும். ஒரு அவுன்ஸ் ஈயத்தில் 8-ம் எண் என்றால் 410 ரவை, 7½ என்றால் 350, 6 என்றால் 225, 4 என்றால் 135. புறாவுக்கு 7½ அல்லது 8. முயலுக்கும் அணிலுக்கும் 6. இங்கே அணில் என்றால் நம் வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று கோட்டு அணிலை நினைக்காதீர்கள். கிழக்கு டெக்சஸ் ஓக் மரங்களில் இருக்கும் ஃபாக்ஸ் அணில் ஒரு சின்னப் பூனைக்குட்டி அளவு இருக்கும், தோல் கெட்டி. 8-ம் எண்ணை அதன்மேல் சுட்டால் காயத்தோடு பொந்துக்குள் போய்விடும். அது வேட்டை அல்ல, வதை. வாத்துக்கு 1991 முதல் நாடு முழுவதும் ஈயம் கூடாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்குமே கூடாது. எஃகு ரவைக்கு மாறினால் ஈயத்தைவிட இரண்டு எண் பெரியதாக எடுங்கள்: ஈயம் 6 என்றால் எஃகு 4. எஃகு கட்டாகவே போகும் என்பதால் சோக்கையும் ஒரு படி தளர்த்தலாம்.

வீட்டுக்குப் பக்‌ஷாட். சிறு ரவைக்குப் பதில் சில பெரிய உருண்டைகள் கொண்ட தோட்டா அது. 00 என்பது 0.33 அங்குல உருண்டை, 2¾ அங்குலத் தோட்டாவில் எட்டு அல்லது ஒன்பது இருக்கும். ஒன்பதில் பெரும்பாலும் ஒன்று கூட்டத்தை விட்டு விலகிப் போகும். வீட்டுச் சுவருக்கு அப்பால் ஆள் இருக்கும் இடத்தில் அந்த ஒன்றும் கணக்குத்தான். அதனால் எட்டு உருண்டை, உதை குறைத்த வகை நல்லது. "சுவரைத் துளைக்காது, புறா ரவை போதும்" என்ற அறிவுரையை எல்லா இடத்திலும் கேட்பீர்கள். இங்குள்ள வீட்டுச் சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவே காற்று. நெருக்கத்தில் புறா ரவையும் அதைத் துளைக்கும். பக்‌ஷாட் பல சுவர்களைத் துளைக்கும். சுவரை நம்பக்கூடாது. குழந்தைகள் தூங்கும் அறை எந்தத் திசையில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் ஒருபோதும் சுடக்கூடாது என்பதை வெளிச்சத்தில் நின்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எல்லோரையும் ஒரே அறையில் சேர்த்துக் கதவைச் சாத்தி அவசர எண் 911-ஐ அழைப்பதுதான் முதல் வேலை. இருட்டில் வீட்டைத் துழாவிக்கொண்டு போவது அல்ல. தண்ணீர் குடிக்க எழுந்த மகனாகவும் இருக்கலாம். விளக்கில்லாமல் ஷாட்கன் வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

1¾ அங்குலக் குட்டித் தோட்டாக்கள் கவர்ச்சியாகத் தெரியும். உதையும் குறைவு, நிறையவும் கொள்ளும். 88-இலும் 500-இலும் அவை நேராக ஏறாமல் கீழே விழுந்து சிக்கும், தனி ரப்பர் அடைப்பு வேண்டும். காவலுக்கு அவை வேண்டாம். மலிவுப் புறாத் தோட்டாக்களில் அடித்தகடு பித்தளைக்குப் பதில் எஃகாக இருக்கும். சூட்டில் விரிந்தால் பழையபடி சுருங்காது, அறை சரியாக மெருகேறாத துப்பாக்கியில் ஒட்டிக்கொள்ளும். முன்பிடி நகராமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. அறையை நன்றாகத் துடைத்து, பித்தளை அடியுள்ள தோட்டாவைப் போட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், தாளில். காகிதத்தில் சுட்டுப் பார்க்காத ஷாட்கன் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே மாடலின் இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை வெவ்வேறாக வீசும். நான்கு அடி அகலப் பழுப்புக் காகிதச் சுருள் ஒன்று, ஒரு மார்க்கர், ஒரு நூல். முதலில் வீட்டில் நீங்கள் நிற்கக்கூடிய இடத்திலிருந்து மிகத் தொலைவான கதவுவரை அளந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் 8 முதல் 10 கஜம் வரும். மைதானத்தில் அதே தூரத்தில், குட்டைப் பேரலில், நீங்கள் வைத்திருக்கப்போகும் அதே பக்‌ஷாட்டை ஐந்து முறை, ஒவ்வொன்றும் புதுத் தாளில். சாதாரணத் தோட்டா சிலிண்டர் பேரலில் கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது கைக்கணக்கு. 5 கஜத்தில் அது ஒரு கைமுட்டி அளவுதான். ஷாட்கனுக்குக் குறியே வேண்டாம் என்ற பேச்சு அந்தத் தாளைப் பார்த்ததும் அடங்கிவிடும். ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கண்ட்ரோல் வாட் உள்ள தோட்டா இன்னும் இறுக்கமாகப் போகும்.

பிறகு நீளப் பேரல். 25 கஜத்தில் தாளின் நடுவே 5 அங்குல வட்டம் வரைந்து, 6-ம் எண்ணைச் சுடுங்கள். வட்டத்துக்குள் ஐந்து ரவைக்கு மேல் எப்போதும் விழுகிறதா? 30-க்கு நகருங்கள். 35-க்கு நகருங்கள். எண்ணிக்கை எந்த இடத்தில் ஐந்துக்குக் கீழே இறங்குகிறதோ, அதற்கு 5 கஜம் முன்னால் உங்கள் எல்லை. குட்டைப் பேரலிலும் இதைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் 20 கஜத்தை ஒட்டி நின்றுவிடும். இரண்டாவது பேரலுக்குக் கொடுத்த பணம் எதற்கென்று அப்போது தெரியும். காதுக்குள் வைக்கும் அடைப்பும் மேலே மாட்டும் காதுமூடியும் இரண்டும் போடுங்கள். 12 கேஜ் 150 டெசிபலைத் தாண்டும்.

நம்மவர்களில் எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குடியேற்றமில்லா விசாவில் வந்தவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டரசுச் சட்டப்படி தடை. விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். வாங்கும் அன்றைக்கு மட்டும் உரிமம் இருந்தால் போதும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. டெக்சஸ் வேட்டை உரிமம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31-ஆம் தேதி காலாவதியாகிறது. புதுப்பிக்காமல் துப்பாக்கியை அலமாரியில் வைத்திருந்தாலே சிக்கல், குடியேற்ற நிலையும் சேர்ந்தே ஆடும். வாங்குவதற்கு முன் இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. இலினாயில் ஃபாய்டு எனும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை, நியூஜெர்சியில் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை முதலில் வேண்டும். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைக் கல்விப் பாடம் முடித்திருக்க வேண்டும்.

புதுத் துப்பாக்கியில் இரண்டு தோட்டாவுக்கு மேல் ஏறவில்லை என்றால் பதற வேண்டாம். மகசின் குழாய்க்குள் மரக்குச்சி ஒன்று இருக்கும். புறா, வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுடும்போது மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது என்ற விதிக்காக அதைப் போட்டு அனுப்புகிறார்கள். பேரலைக் கழற்றி, குழாயைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் முனைத் துளை வழியாக வந்துவிடும். அந்தக் குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் இருக்கும்போது அறை காலி, மகசினில் மட்டும் தோட்டா. ஏறக்குறைய எல்லாப் பம்ப்களிலும் சேஃப்டி டிரிகரை மட்டுமே தடுக்கும். கீழே விழும் அதிர்ச்சியில் தோட்டாவை இடிக்கும் ஊசி நகர்வதை அது தடுக்காது, அறையில் தோட்டா இருந்தால் வெடிக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் விரல் குறியீட்டுப் பொத்தானில் திறக்கும் சுவர்ப் பெட்டி அவசியம். அலமாரி உச்சி ஒளிவிடம் அல்ல. 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம்.

வேட்டையிலிருந்து திரும்பிய இரவுதான் கவனம் வேண்டிய இரவு. உடல் களைத்திருக்கும், துப்பாக்கியை அப்படியே மூலையில் சாய்த்துவிடத் தோன்றும். காரிலிருந்து இறக்கும் முன்பே அறையையும் மகசினையும் காலி செய்யுங்கள். வேட்டைக் கோட்டின் பைகளையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். 6-ம் எண் தோட்டா ஒன்று அங்கே தங்கிவிட்டால் அது பக்‌ஷாட்டோடு கலக்கும். நீளப் பேரலைக் கழற்றி, எண்ணெய்த் துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள். மகசின் குழாயின் வெளிப்புறத்தையும் மறக்காதீர்கள், பனியில் முதலில் துரு பிடிப்பது அங்கேதான். குச்சியை உருவி, சோக்கோடு ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள். குட்டைப் பேரலை மாட்டி, அசைத்துப் பார்த்து, காலி அறையோடு முன்பிடியை நான்கு முறை இழுத்துத் தள்ளுங்கள். பிறகு பக்‌ஷாட் ஐந்தை ஒவ்வொன்றாக, விளக்கொளியில் அச்செழுத்தைப் படித்து, குழாய்க்குள் தள்ளுங்கள். பெட்டியைப் பூட்டுங்கள்.